பைக்கில் பென்டிரைவ் போட்டுப் பாட்டு கேட்க: ஒயரிங்கிலிருந்து பாட்டு வரிசை வரை

மதுரையிலிருந்து தேனிக்கு வாரத்துக்கு இரண்டு தடவையாவது பைக்கில் போய் வருகிறேன். உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய் என்று எழுபது சொச்சம் கிலோமீட்டர், அந்த நேரம் முழுக்கப் பாட்டு ஓடவேண்டும், நடுவில் போனை எடுத்துத் தொடக்கூடாது, மறுநாள் காலையில் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இந்த மூன்றும் சரியாக அமைய எனக்குச் சில வருஷம் ஆனது. நடுவில் ஒரு பாட்டு செட் கருகிப்போனது, இன்னொரு செட்டால் பேட்டரி தீர்ந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

ஹோண்டா கோல்ட்விங், ஹார்லி டூரிங் மாதிரிப் பெரிய வண்டிகளில் ஸ்டீரியோ கம்பெனியிலிருந்தே வந்துவிடும். நான் சொல்வது நம் ஊர் 100 சிசியிலிருந்து 350 சிசி வரையிலான வண்டிகளில் வெளியே வாங்கி மாட்டுகிற செட்டைப் பற்றி. கம்பெனி ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் ஒயரிங் பகுதியை விட்டுவிட்டுப் பென்டிரைவ் பகுதிக்கு நேராகப் போகலாம், அங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் வண்டியால் எவ்வளவு கரண்ட் தரமுடியும்

செட்டின் அட்டைப்பெட்டியில் 500 வாட், 1000 வாட் என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 500 வாட் வேண்டுமானால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும், அப்படி இழுத்தால் உங்கள் வண்டி ஒயரே உருகிவிடும். 12 வோல்ட்டை நேராக எடுத்து ஓடும் சாதாரண ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 15, 20 வாட் கிடைத்தாலே பெரிது. பாட்டு கேட்கும்போது சராசரியாக 1 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியர் வரை போகும். சின்ன வண்டிகளில் பேட்டரியே 3 முதல் 5 ஆம்பியர்-மணிதான், அதாவது 1 ஆம்பியர் இழுத்தால் 3 முதல் 5 மணி நேரத்தில் காலி. எஞ்சினை நிறுத்திவிட்டு டீக்கடை வாசலில் ஒரு மணி நேரம் பாட்டு போட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உதைத்து ஸ்டார்ட் செய்கிற பழைய வண்டியாக இருந்தால் சமாளிக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்ஷன், பெட்ரோல் பம்ப்புக்கும் ஈசியுவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி) பேட்டரி வோல்ட்டேஜ் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கினால் உதைத்தாலும் வண்டி எழும்பாமல் போகலாம்.

ஆகவே முதல் வேலை, ஒரு மல்டிமீட்டர் வாங்குவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். எஞ்சினை நடுவேகத்தில் ஓடவிட்டு, ஹெட்லைட் எரிய, பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. செட் மாட்டியபிறகு, வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். 13-க்குக் கீழே போனால் அந்த வண்டிக்கு அந்த செட் அதிகம். வேறு சமாதானம் எதுவும் கிடையாது, சின்ன செட்டாக மாற்றவேண்டியதுதான்.

என்ன வாங்குவது

செட்டின் உடம்போடு சேர்ந்த யூஎஸ்பி துளை, சத்தம் கூட்டக் குறைக்கத் தனி பட்டன், கையுறை போட்ட விரலுக்கும் பிடிபடும் அளவு பெரிய பட்டன், இவை போதும். தொடுதிரை வேண்டாம், ஓடும் வண்டியில் அதைப் பார்க்கும் நேரம் நமக்கு இல்லை. ரிமோட் அலாரமும் சேர்ந்து வரும் செட்களில் நான் கவனித்த சிக்கல், வண்டி நிற்கும்போதும் அவை கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போய் வந்தால் 3 ஆம்பியர்-மணி பேட்டரி காலி. தினமும் ஓட்டாதவர்கள் அலாரம் இல்லாத செட்டே வாங்குங்கள்.

ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு வேண்டாம், ஒரு ஐப்பசி மழைக்கே ஊறிவிடும். பிளாஸ்டிக் கூம்பு, 3 இன்ச் அல்லது 4 இன்ச், 4 ஓம். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும், ஆம்ப்ளிஃபயர் ஐசி (சத்தத்தைப் பெருக்கும் சில்லு) சூடேறிச் சாகும். சத்தம் பத்தவில்லை என்று மூன்றாவது, நாலாவது ஸ்பீக்கரை ஒட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஒயரிங்

என் முதல் செட் கருகியது இங்கேதான். மாட்டிக்கொடுத்தவர் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்து லைன் எடுத்துவிட்டார், கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாவி போட்டால் வருகிறது என்ற எண்ணத்தில். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, எஞ்சின் சுழலும்போது கரண்ட் தரும் மேக்னெட்டோவிலிருந்து வரும் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டில் எரிகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும்தான் டிசி, பேட்டரி தரும் ஒரே திசைக் கரண்ட். டிசியில் ஓடும் செட்டுக்கு ஏசி கொடுத்தால் என்ன ஆகும்? வேகத்தைக் கூட்டியதும் புகை வந்தது. அதனால் எந்த ஒயரையும் நிறத்தை மட்டும் நம்பித் தொடாதீர்கள், மீட்டரை டிசியில் வைத்து, சாவி ஆனில், எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். எஞ்சின் நிற்கும்போதே 12 காட்டினால் அது பேட்டரி லைன். ஓடும்போது மட்டும் காட்டினால் அதை விட்டுவிடுங்கள்.

ஹீரோ ஹோண்டா, ஹோண்டா வண்டிகளில் பொதுவாகப் பச்சை எர்த், சிவப்பு பேட்டரியிலிருந்து நேரே வருவது, கறுப்பு சாவி போட்டபிறகு வருவது. மற்றக் கம்பெனிகளில் நிறம் மாறும். நமக்கு வேண்டியது சாவிக்குப் பிறகு வரும் லைன், அப்போதுதான் வண்டியை நிறுத்தியதும் செட்டும் நிற்கும். சின்ன செட்டுக்கு அந்த லைனே தாங்கும். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கிறவர்கள் ஒரு 4 பின் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச்) போடுங்கள், அதன் பின்களில் எழுதியிருக்கும் எண்படி: 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக பாசிட்டிவ், 87-லிருந்து செட்டுக்கு, 86-க்கு சாவி லைன், 85 எர்த்துக்கு. ஃபியூஸ் எங்கே இருக்கவேண்டும் என்றால் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். செட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் ஒயர் தோல் உரிந்து சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டம்) பட்டால் அது காப்பாற்றாது. சின்ன செட்டுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் போடாதீர்கள், ஏன் போகிறது என்று தேடுங்கள்.

பிஎஸ்6 வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஈசியு, சென்சார், பெட்ரோல் பம்ப் பக்கம் போகும் எந்த ஒயரையும் வெட்டவோ கிள்ளவோ வேண்டாம். பேட்டரியிலிருந்து ரிலே வழியாக எடுப்பதுதான் சுத்தம். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் ஒயரை வெட்டாமல் கப்ளரில் (ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) சொருகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். இப்போது வரும் ஆம்ப்ளிஃபயர் ஐசி பெரும்பாலும் பிரிட்ஜ் வகை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே சிக்னல் வரும். ஸ்பீக்கர் மைனஸை வண்டி எர்த்தோடு சேர்த்து ஒரு ஒயரை மிச்சப்படுத்தலாம் என்று நினைத்தால் ஐசி போயிற்று. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து இரண்டு ஒயர் தனித்தனியாகப் போகவேண்டும், இரண்டில் எதுவும் இரும்பில் படக்கூடாது. கிளாம்ப் போட்டு ஹேண்டில்பாரில் இறுக்கும்போது ஒயர் நசுங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், வெயிலில் டேப் பசை உருகிக் கழன்றுவிடும். சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்கள். ஒயர் செட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள், மழைத்தண்ணீர் ஒயர் வழியே ஓடி வந்து அந்த வளைவிலேயே சொட்டிவிடும், செட்டுக்குள் போகாது. யூஎஸ்பி துளை தரையைப் பார்க்கும்படி செட்டைத் திருப்பி மாட்டமுடிந்தால் இன்னும் நல்லது. கடைசியாக ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது ஒயர் இழுபட்டால், கிளட்ச் கேபிளில் சிக்கினால், மறுபடி அவிழ்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்கவேண்டும். இதில் அவசரமே கூடாது.

எஞ்சின் சத்தம் பாட்டில் கேட்டால்

ஆக்சிலேட்டரைத் திருகும்போது பாட்டுக்குப் பின்னால் ஒரு விசில் ஏறி இறங்குகிறதா? அது சார்ஜிங்கிலிருந்து வருவது. செட்டின் எர்த் ஒயரை சேஸிஸில் எங்கோ ஒரு போல்ட்டில் மாட்டியிருப்பார்கள், அதை எடுத்து நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோங்கள், எனக்கு அதிலேயே போய்விட்டது. போகவில்லை என்றால் கார் ஸ்டீரியோ கடையில் கிடைக்கும் பவர் லைன் ஃபில்டர் ஒன்று போடலாம். விசில் இல்லாமல் டிக் டிக் என்று வந்தால், முக்கியமாக எஃப்எம்மில் வந்தால், அது ஸ்பார்க் பிளக்கிலிருந்து. இக்னிஷன் காயிலையும் பிளக் ஒயரையும் விட்டு செட் ஒயரைத் தள்ளிக் கட்டுங்கள், ரெசிஸ்டர் உள்ள பிளக் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது செட் அணைந்து மறுபடி முதல் பாட்டிலிருந்து தொடங்குகிறதா, அது கோளாறு இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த நொடியில் வோல்ட்டேஜ் விழுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆனபிறகு செட்டை ஆன் செய்ய ஒரு சின்ன சுவிட்ச் வைத்துவிட்டால் தீர்ந்தது.

இனி பென்டிரைவ்

ஒயரிங் சரியாக இருந்தும் பாட்டு வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கோளாறு பென்டிரைவில்தான் இருந்தது. செட்டை மாற்றுமுன் இதைப் பாருங்கள்.

அளவு 16 ஜிபி போதும். 192 கேபிபிஎஸ் பிட்ரேட் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) உள்ள எம்பி3-யில் 5 நிமிடப் பாட்டு 7 எம்பி சொச்சம் வரும், அப்படிப் பார்த்தால் 2,000 பாட்டுக்கு மேல் பிடிக்கும். 128 ஜிபி போட்டால் பல செட் படிக்காது, படிக்கும் செட்டும் ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் மொத்தத்தையும் அலசிவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கும். நீளமான பென்டிரைவ் வேண்டாம், குண்டும் குழியுமான ரோட்டில் ஆடி ஆடி துளையையே தளர்த்திவிடும். நகம் அளவுக்கே வெளியே தெரியும் குட்டி வகையை வாங்குங்கள்.

ஃபார்மட், அதாவது டிரைவ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, ஃபேட் 32. புதிதாக வாங்கும் பெரிய டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வரும், அதுவும் என்டிஎஃப்எஸ்ஸும் மலிவான செட்டுக்குப் புரியாது. செட்டில் சொருகினால் ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். விண்டோஸில் டிரைவின்மேல் வலது கிளிக் செய்து ஃபார்மட் என்பதில் ஃபேட் 32 தேர்ந்தெடுங்கள். வழக்கமாக அந்த ஜன்னல் 32 ஜிபி வரைதான் ஃபேட் 32 காட்டும், 16 ஜிபி வாங்கினால் அந்தத் தலைவலியும் இல்லை. மேக் கணினியில் செய்கிறவர்கள் எம்எஸ்-டாஸ் ஃபேட் என்பதோடு, ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டும் தேர்ந்தெடுக்கவேண்டும், அதை விட்டால் செட் டிரைவையே பார்க்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பாட்டு எல்லாம் எம்பி3 ஆகவே இருக்கட்டும். செட்டின் பெட்டியில் ஃபிளாக், எம்4ஏ என்று வேறு பாட்டுக் கோப்பு வகைகள் போட்டிருந்தாலும் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தபிறகு நம்புங்கள். எம்பி3-யிலும் பிட்ரேட் மாறாத வகையாக 192 வையுங்கள். மாறும் பிட்ரேட்டில் சில செட் நேரத்தைத் தப்பாகக் காட்டும், முன்னால் ஓட்டும்போது தடுமாறும். வீட்டில் நல்ல ஹெட்போனில் 320-க்கும் 192-க்கும் வித்தியாசம் தெரியலாம், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று இரையும்போது தெரியாது. ஃபூபார்2000, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டுச் செயலிகளில் டவுன்லோடு செய்து வைத்திருப்பதை அப்படியே காப்பி அடித்துப் போடமுடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. அவை பூட்டப்பட்ட கோப்புகள், அந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும். உங்களிடம் இருக்கும் சிடியிலிருந்து எடுங்கள், அல்லது காசு கொடுத்து எம்பி3-ஆக வாங்குங்கள். அப்பா காலத்து கேசட் வீட்டில் கிடந்தால் டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் போட்டு ஆடாசிட்டியில் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் கடையில் கிடைக்காத பக்திப் பாட்டும் கிராமியப் பாட்டும் எனக்கு அப்படித்தான் கிடைத்தன. கணவாய் ஏறும்போது அவற்றைக் கேட்கிற சுகமே வேறு.

வரிசை

இதுதான் எல்லாரையும் குழப்புவது. 01, 02 என்று அழகாகப் பெயர் வைத்திருப்பீர்கள், செட் தன் இஷ்டத்துக்குப் பாடும். காரணம் இது. மலிவான செட் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை, டிரைவின் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கணினியில் நமக்குப் பெயர் வரிசையில் தெரிவது கணினி அடுக்கிக் காட்டுவது, டிரைவில் அப்படி இருக்காது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடும்போது எந்தக் கோப்பு முதலில் எழுதப்படும் என்பதும் நம் கையில் இல்லை.

தீர்வு இரண்டு. கொஞ்சம் பாட்டுதான் என்றால் காலியான டிரைவில் ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் காப்பி செய்யுங்கள். நிறைய இருந்தால் ஃபேட் பட்டியலையே அடுக்கித்தரும் சின்ன மென்பொருள்கள் உண்டு, விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட். காப்பி எல்லாம் முடிந்தபிறகு ஒரு தடவை ஓட்டினால் பெயர் வரிசைப்படி அடுக்கிவிடும். நடுவில் ஒரு பாட்டை அழித்து வேறு போட்டால் புதியது பழையதன் காலி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், அதனால் மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட்டவேண்டும்.

பெயரை ஆங்கில எழுத்தில், முன்னால் மூன்று இலக்க எண்ணோடு வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் பெரும்பாலான செட்டின் திரையில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோதான் வரும், சில செட் அந்தக் கோப்பையே தாண்டிவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம், ஒரே அடுக்கு. நான் வைத்திருப்பது காலை, ரோடு, மழை, இரவு என்று நாலு ஃபோல்டர், ஃபோல்டர் மாற்றும் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் மனநிலை மாறிவிடும்.

பாட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படத்தை எம்பி3டேக் என்ற மென்பொருளில் எடுத்துவிடுங்கள், டேக் (பாட்டோடு ஒட்டியிருக்கும் பெயர் விவரம்) வகையை ஐடி3 2.3 ஆக்குங்கள். படம் பெரிதாக இருந்தால் பாட்டு தொடங்கவே சில நொடி பிடிக்கும், சில சமயம் நின்றே போகும். மேக்கில் காப்பி செய்தவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்பு ஒன்று மறைவாகச் சேர்ந்துவிடும், செட் அதையும் பாட்டு என்று நினைத்துத் திணறும். விண்டோஸ் கணினியில் மறைந்த கோப்புகளைக் காட்டச்சொல்லி அவற்றை அழித்துவிடுங்கள்.

சத்த அளவையும் சமப்படுத்துங்கள். பழைய பாட்டு மெதுவாக வரும், அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும், ஓடும் வண்டியில் ஒவ்வொரு தடவையும் கை பட்டனுக்குப் போவது ஆபத்து. எம்பி3கெயின் என்ற பழைய இலவச மென்பொருள் தரம் குறையாமல் பாட்டின் அளவை மாற்றும், வழக்கமாக 89 டெசிபெல்லில் வைக்கும் (இது கோப்புக்குள் இருக்கும் அளவு, காதில் விழும் சத்தம் இல்லை). நான் 92-ல் வைக்கிறேன். அதற்கு மேல் போனால் உச்ச இடங்களில் கரகரப்பு வருகிறது. செட்டில் பேஸைக் குறைத்து வையுங்கள். 3 இன்ச் ஸ்பீக்கரால் பேஸ் தரமுடியாது, காற்று இரைச்சலும் அதை விழுங்கிவிடும், ஆம்ப்ளிஃபயர் மட்டும் வீணாக உழைக்கும். பேஸைக் குறைத்தால் குரல் தெளிவாகக் கேட்கும், பேட்டரியும் மிச்சம்.

எவ்வளவு சத்தம்

பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்கவேண்டும், அதுதான் அளவு. நான் நடுவேகத்தில் ஓட்டிக்கொண்டே என் ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன், அது தெளிவாகத் தெரியாவிட்டால் குறைத்துவிடுவேன். ஊருக்குள் நுழைந்ததும் குறையுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்தான் அளவு. ரோட்டில் நாம் ரசித்துக் கேட்கும் பாட்டு ஒரு நோயாளியின் ஜன்னலுக்குள் போவதை நினைத்தால் விரல் தானாகக் குறைக்கும் பட்டனுக்குப் போகும்.

எல்லாம் முடிந்தபிறகு முதல் சோதனையை நீண்ட தூரத்தில் வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து செட்டையும் ஃபியூஸையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்கமுடியாத சூடு என்றால் எங்கோ தப்பு. இரவு சாவியை எடுத்தபிறகு பேட்டரி வோல்ட்டேஜைக் குறித்து வைத்து, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எதுவும் கசியவில்லை. வெயிலில் நிறுத்தும்போது பென்டிரைவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள். டூல் பாக்ஸில் 3 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும், அதே பாட்டுகளைக் காப்பி செய்த இன்னொரு பென்டிரைவும் எப்போதும் கிடக்கட்டும்.